சங்கிலிப்பாண்டி பிரித்துவைத்த ஜோடி

இராஜபாளையத்தில் நாய் வளர்க்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நாய்க்குப் பார்க்கிற வைத்தியத்தையே மனிதர்களுக்கும் சொல்லுகிறவர் என்று பார்த்தால் சங்கிலிப்பாண்டி ஒருவர்தான். பேரைக் கேட்டதும் வெளியூர்க்காரர்கள், நாய் கட்டுவதற்கென்றே வைத்த பேரா என்று சிரிப்பார்கள். அது குலசாமி பேர். நாய் பிற்பாடு வந்தது. தளவாய்புரம் போகிற சாலையில் ஒரு தகரக் கொட்டகைக்குள், பால் வெள்ளை உடம்பும் ரோஸ் மூக்குமாக ஏழெட்டு நாய்கள் நின்று குரைத்தால் அது அவர் இடம்.

ஆள் தங்கம். தன் கண்ணைக் கொஞ்சம் கூடுதலாக நம்புகிற தங்கம். குட்டி கண் திறப்பதற்கு முன்பே இது காவலுக்கு ஆகும், இது சோபாவில் ஏறிப் படுத்துக்கொள்ளும் என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இரண்டு நாய்களுக்குள் உறுமல் கேட்டால் என்ன ஏது என்று பார்க்க மாட்டார். இதை இந்தக் கூண்டில், அதை அந்தக் கூண்டில் போட்டுத் தாழிட்டுவிடுவார். கொஞ்ச நாள் பிரித்து வைத்தால் ஆறிப்போகும், ஆறினபிறகு சேர்த்தால் ஒட்டிக்கொள்ளும் என்பது அவருடைய வேதம். தெருவில் அண்ணன் தம்பிக்குள் சண்டை என்றாலும் பங்காளிகள் முறைத்துக்கொண்டாலும் இதே மருந்துதான்.

"ஒங்களுக்கு எல்லாமே நாய்தானா?" என்று அவர் மனைவி காளீஸ்வரி கேட்பாள். கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அந்த வீட்டில் சண்டை என்றால் அவ்வளவுதான். கோபம் வந்தால் காளீஸ்வரி பேசமாட்டாள், குழம்பில் உப்பு கூடும். சங்கிலிப்பாண்டி அதை வாய் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு நாய்களைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து சத்தமே கேட்காத குடித்தனம்.

போன தை மாதம் அவர்களுடைய ஒரே மகன் வினோத்துக்குக் கல்யாணம் நடந்தது. வினோத் ஒரு பஞ்சாலையில் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன். பெண் தூத்துக்குடி, பேர் இந்து. மீன்வளம் படித்துவிட்டு, அழகுக்கு வளர்க்கிற கடல் மீன்களைக் குஞ்சு பொரித்து விற்கும் பண்ணை ஒன்றில் வேலை பார்த்தவள். மற்றப் பெண்கள் சீரோடு கட்டிலும் பீரோவும் கொண்டு வருவார்கள். இந்து அவற்றோடு ஒரு கண்ணாடித் தொட்டியும் இரண்டு மீன்களும் கொண்டுவந்து இறங்கினாள்.

கோமாளி மீன் என்று பேர். ஆரஞ்சு உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டை, பட்டையின் ஓரமெல்லாம் மை தீட்டியதுபோல் கறுப்பு. நல்ல தண்ணீரில் உயிர் தரிக்காது. அதற்காகத் தூத்துக்குடியிலிருந்து மீன் ஏற்றி வரும் வண்டியில் கடல் தண்ணீர் கேன் கேனாக வந்தது. கோடையில் குடிதண்ணீர் எப்போது வரும் என்று தெருவே குடத்தோடு நிற்கும்போது, சங்கிலிப்பாண்டி வீட்டு வாசலில் உப்புத்தண்ணீர் இறங்கியதைப் பார்த்து எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

இந்து தொட்டியைச் சுத்தம் செய்துகொண்டே பேசுவாள். கேட்க ஆள் கிடைத்தால் நிறுத்தமாட்டாள். வெதுவெதுப்பான கடலில், பவளப்பாறை இருக்கிற ஆழம் குறைந்த இடங்களில் இந்த மீன் வாழ்கிறது. அங்கே கடல் சாமந்தி என்று ஒன்று உண்டு. பார்க்கத்தான் பூ, உண்மையில் அது ஒரு பிராணி. அதன் இதழ் பட்டால் மற்ற மீன்களுக்குத் தேள் கொட்டினதுபோல் இருக்கும். கோமாளி மீனை மட்டும் அது ஒன்றும் செய்யாது, உடம்பில் இருக்கிற வழுவழுப்பு காப்பாற்றிவிடும். அதனால் சாமந்திக்குள்ளேயே குடியிருக்கும். சாமந்தியைக் கடிக்க வருகிற மீன்களை விரட்டிவிட்டு வீட்டு வாடகையைக் கழிக்கும். அதை விட்டு நாலு முழம் தள்ளிப் போனாலே பெரிய மீன் வாயில் விழ வேண்டியதுதான்.

பண்ணையில் பொரித்த ஜோடிக்குச் சாமந்திகூட வேண்டாம் என்றாள் இந்து. ஓர் உடைந்த மண்சட்டியைத் தண்ணீருக்குள் கவிழ்த்திருந்தாள். இடம் பழகிவிட்டால் சட்டி ஓட்டில் முட்டையிடும், புருஷன் மீன் ஒரு வாரம்போல முட்டையை வாயால் துடைத்து, துடுப்பால் விசிறிக் காவல் நிற்கும் என்றாள். குட்டி பிறக்கிற விஷயம் என்றதும் சங்கிலிப்பாண்டி காதைத் தீட்டிக்கொண்டார். எது புருஷன் என்று மட்டும் கேட்கவில்லை. தொட்டியில் ஒன்று பெரிசு, மற்றது அதில் பாதி. நாய்க்காரனுக்கு இதையெல்லாம் சொல்லித்தர வேண்டுமா என்ன? பெரிசு ஆண், சின்னது பெண் என்று அவராகவே தீர்ப்பு எழுதிவிட்டார்.

இந்துவும் வினோத்தும் சண்டை போடுவார்கள். ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டதற்கு ஒரு சண்டை, போனை எடுக்காததற்கு ஒரு சண்டை. இந்துவின் குரல் அலைச்சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். வினோத்தும் லேசுப்பட்டவன் இல்லை. முதல் சத்தம் கேட்டதுமே சங்கிலிப்பாண்டி எழுந்துவிடுவார். சட்டையை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விடுவார். அங்கே உட்கார்ந்துகொண்டு, பிள்ளைகள் இரண்டும் ஒன்றையொன்று கடித்துக் குதறுகின்றனவே என்று வருத்தப்படுவார்.

ஆடி மாதம் பிறந்தது. முதல் ஆடிக்குப் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். இந்தக் காலத்தில் பேருக்கு இரண்டு நாள் அனுப்பிவிட்டுக் கூட்டிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். வினோத்தும் இந்துவும் அப்படித்தான் பேசி வைத்திருந்தார்கள். ஆனால் இந்துவின் அப்பா சமுத்திரம் சீர்த்தட்டோடு அழைக்க வந்த நாள் பார்த்து, காலையிலேயே ஒரு சண்டை. அப்போதுதான் சங்கிலிப்பாண்டி தன் வைத்தியத்தைக் கையில் எடுத்தார். மருமகள் மாசம் முழுக்க இருந்துவிட்டு வரட்டும், இரண்டு பேருக்கும் மனசு ஆறும் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

இந்து பையைத் தூக்கிக்கொண்டு வினோத்தைப் பார்த்தாள். வினோத் தரையைப் பார்த்தான். அப்பா சொன்னபிறகு என்ன பேச என்று நினைத்தானோ, காலைச் சண்டையின் ரோஷமோ, போகாதே என்ற ஒரு சொல் அவன் வாயிலிருந்து வரவில்லை. இந்து மாமனாரிடம் திரும்பி, தொட்டியில் வற்றுகிற அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்பு ஆவியாகாது என்பதால் கடல் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தாள். "ரெண்டையும் பாத்துக்கோங்க மாமா" என்றாள். அவ்வளவுதான், போய்விட்டாள்.

ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வீட்டார் போய் அழைத்துவர வேண்டும். போகலாம் என்று காளீஸ்வரி சொல்லிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் ஆறட்டும் என்றார் சங்கிலிப்பாண்டி. அவளே ஒரு போன் போட்டால் என்ன என்று வினோத் இருந்தான். கூட்டிப்போக ஆள் வராமல் நானாக எப்படிப் போய் நிற்பது என்று அங்கே இந்து இருந்தாள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து அழைத்து ஒரு சொல் வரவில்லையே என்று சமுத்திரத்துக்கு மனக்குறை. இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆவணி போய்ப் புரட்டாசியும் வந்துவிட்டது.

இந்து போன நாளிலிருந்தே மீன்களைச் சங்கிலிப்பாண்டி கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார். காலைக் காப்பியைத் தொட்டி முன்னால் உட்கார்ந்துதான் குடித்தார். அப்படிப் பார்க்கும்போது ஒன்று அவர் கண்ணில் பட்டது. சின்னது சட்டிப் பக்கம் வந்தால் பெரிசு விரட்டுகிறது, வாலைக் கடிக்கிறது. சின்னது சாய்ந்து படுத்து, குளிர் ஜுரம் கண்டதுபோல் உடம்பெல்லாம் நடுங்குகிறது. பார்க்கப் பார்க்க அவருக்கு நெஞ்சு பதறியது. பொட்டைப்பிள்ளையை இந்தப் பாடு படுத்துகிறதே என்று பெரிசின் மேல் அசாத்தியக் கோபம் வந்தது. ஆடி முடிவதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்குப் போய், ஆவுடையப்பன் கண்ணாடிக் கடையில் சொல்லி இன்னொரு தொட்டி செய்து வாங்கிவந்தார். நாய்க்குத்தான் தனிக் கூண்டு என்றால் மீனுக்குமா என்று ஆவுடையப்பன் கேட்டதற்கு, எல்லாம் உயிர்தானே என்று பதில் சொன்னார். சின்னதை அதில் மாற்றி, வேறு அறையில் கொண்டுபோய் வைத்தார்.

சின்னது சில நாள் மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. அப்புறம் வெளியே வந்தது. இரை எடுத்தது, நடுக்கம் நின்றது, தொட்டி முழுக்கத் தன் இஷ்டத்துக்கு நீந்தியது. உடம்பும் வைத்தது. கடி இல்லாமல் இருந்தால் எப்படித் தேறுகிறது பார் என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

வினோத்தும் தேறித்தான் வந்தான். வேலை முடிந்தால் சேக்காளிகளோடு புரோட்டாக் கடை, வீட்டுக்கு வந்தால் போன், ஹாலிலேயே படுக்கை. உள்ளறைக் கதவை அவன் திறந்து நாளாகிவிட்டது. தனியாக இருப்பதும் ஒரு சுகம்தான் என்று ஒருநாள் அப்பாவிடமே சொன்னான். சரி, பையனுக்கு ஆறிவிட்டது என்று சங்கிலிப்பாண்டி சந்தோஷப்பட்டார். ஐப்பசியில் தலைதீபாவளி. நேரில் வந்து அழைக்க வேண்டிய சமுத்திரம் போனிலேயே அழைத்தார். வினோத் அதற்கும், மில்லில் ஆள் இல்லை, வர முடியாது என்று சொல்லிவிட்டான். அன்றைக்குக் காளீஸ்வரி வைத்த குழம்பை வாயில் வைக்க முடியவில்லை.

சங்கிலிப்பாண்டிக்கு அப்போதுதான் லேசாக உறுத்தியது. மருமகளிடம் பேச வேண்டும். சும்மா எப்படிப் பேசுவது? முதலில் மீனைச் சேர்த்துவைத்துவிட்டு, இரண்டும் ஒற்றுமையாக இருக்கின்றன என்று ஆரம்பிக்கலாம் என்று கணக்குப் போட்டார். நல்ல வார்த்தையோடு தொடங்கினால் மற்றதும் நல்லபடியாக வரும் அல்லவா? காளீஸ்வரியைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு, சின்னதைக் கொண்டுபோய்ப் பழைய தொட்டியில் விட்டார்.

சின்னது இப்போது சின்னதாக இல்லை. பெரிசு விரட்டி வந்தது. சின்னது சாயவும் இல்லை, நடுங்கவும் இல்லை, திரும்பி நின்று எதிர்த்தது. இரண்டும் வாயோடு வாய் கவ்விக்கொண்டு தொட்டியின் அடி மணலில் புரண்டன. கண்மூடித் திறப்பதற்குள் பெரிசின் துடுப்பு கிழிந்து தொங்கியது. காளீஸ்வரி பதறிப்போய் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் வலையைப் போட்டு ஒன்றை அள்ளி எடுத்தார். எத்தனையோ நாய்ச் சண்டையை வெறுங்கையால் விலக்கியவர், இந்த விரல் நீள மீனை வலையோடு தூக்கிக்கொண்டு மற்றத் தொட்டிக்கு ஓடினார்.

வேறு வழியில்லாமல் இந்துவுக்குப் போன் போட்டார். ஆடிக்குப் பிறகு அவராகக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். இந்து முழுக்கக் கேட்டாள். எத்தனை நாளாகப் பிரித்து வைத்திருந்தீர்கள் என்று மட்டும் கேட்டாள். ஆடிக் கடைசியிலிருந்து என்றார்.

"மாமா, பெரிசுதான் பொம்பளை" என்றாள் இந்து.

சங்கிலிப்பாண்டி தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். இந்து பொறுமையாகச் சொன்னாள். இந்த மீனில் பிறக்கும்போது பெண் என்று ஒன்று கிடையாது. ஒரு சாமந்திக்குள் இருக்கிற கூட்டத்தில் எது எல்லாவற்றிலும் பெரிசோ அது பெண்ணாகும். அதற்கு அடுத்தது அவளுக்குப் புருஷன். அவள் விரட்டுவதும் கடிப்பதும் வீட்டில் யார் மூத்தவள் என்று காட்டுவதற்கு. அவன் நடுங்குவது, சரி தாயே என்று ஒத்துக்கொள்வதற்கு. அது பகை இல்லை, அந்தக் குடித்தனம் நடக்கிற விதமே அதுதான். அவள் பக்கத்தில் இருக்கிற வரைக்கும் அவன் ஆணாக இருப்பான். அவள் இல்லாமல் போனால், வேறு துணை தேடிச் சாமந்தியைவிட்டு வெளியே போக முடியாத மீன் என்ன செய்யும்? தானே பெண்ணாக மாறிவிடும். பிறகு கூட்டத்தில் இருக்கிற சின்ன மீன்களில் ஒன்று அதற்குப் புருஷனாகும்.

"அப்ப இனிமே ரெண்டையும் சேத்து வச்சா?" என்று கேட்டார்.

"சேராது மாமா. இப்ப ரெண்டும் பொம்பளை. ஒண்ணு ஒண்ணைக் கொன்னுபோடும். மாறுனா மாறுனதுதான், திரும்பாது."

உங்கள்மேல் தப்பில்லை, நான்தான் சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும் என்று ஆறுதலும் சொன்னாள். பிறகு அத்தையைக் கேட்டதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். முன்னெல்லாம் காளீஸ்வரியிடம் போனில் பேசும்போது, அவுக சாப்பிட்டாகளா என்று ஒரு வார்த்தை எப்படியாவது கேட்டுவிடுவாள் என்பது அவருக்குத் தெரியும். இன்றைக்கு வினோத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

சங்கிலிப்பாண்டி போனைக் கையில் வைத்தபடி உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பயமாக இருந்தது. வாழ்க்கையில் நாய்க்கும் பயப்படாதவர், பாம்புக்கும் பயப்படாதவர், இப்போது பயந்தார். மீனை நினைத்தா இப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று காளீஸ்வரி கேட்டாள். மீனை நினைத்து இல்லை என்றார். மகனும் மருமகளும் போட்ட சண்டையை எல்லாம் சொல்லி, அது கடி என்று நினைத்துவிட்டேனே என்றார்.

"நீங்க பாதியிலயே எந்திரிச்சி நாய்கிட்ட போயிருவீக. மீதியை நான்தான கேப்பேன்" என்றாள் காளீஸ்வரி. "கத்தி முடிச்சிட்டு ரெண்டும் ஒரே தட்டுல மிச்சரைக் கொட்டி வச்சிக்கிட்டுச் சிரிச்சிக்கிட்டுக் கெடக்கும்."

இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று அவர் கேட்டார். நீங்கள் எங்கே கேட்டீர்கள் என்று அவள் கேட்டாள்.

மறுநாள் காலையில் வினோத்தை எழுப்பி, மில்லுக்கு லீவு சொல்லு, தூத்துக்குடிக்குப் போகிறோம் என்றார். அவன் என்னென்னவோ சாக்குச் சொன்னான். சங்கிலிப்பாண்டி ஒரு சாக்குக்கும் பதில் சொல்லாமல் வாடகைக் காரைக் கூப்பிட்டுவிட்டார். மூன்று பேரும் திருவேங்கடம் வழியாகக் கோவில்பட்டி போய், அங்கிருந்து தூத்துக்குடிக்குப் போனார்கள். வழியெல்லாம் ஐப்பசி மழை. வினோத் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். அவன் முகத்தைப் பார்த்து அவன் மனசில் என்ன இருக்கிறது என்று சங்கிலிப்பாண்டியால் சொல்ல முடியவில்லை. நாயாக இருந்தால் சொல்லியிருப்பார்.

சமுத்திரம் உப்பளத்தில் மேஸ்திரி. வாசலுக்கு வந்து வாங்க என்றார், நாற்காலி எடுத்துப் போட்டார், முகத்தில் சிரிப்பு இல்லை. இந்து பண்ணை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். திரும்பவும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்ட விஷயம் இவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. எல்லாருக்கும் காப்பி கொண்டுவந்தாள். மாமனாருக்கும் மாமியாருக்கும் கையில் கொடுத்தாள். வினோத்துக்கு உள்ள தம்ளரை ஸ்டூலில் வைத்தாள்.

சங்கிலிப்பாண்டி காப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"மீனைப் பிரிச்சது நான்தாம்மா. நல்லதுன்னு நெனச்சிப் பிரிச்சேன். ஒங்க ரெண்டு பேரையும் அப்படித்தான் பிரிச்சேன். ஆவணியிலயே வந்து கூப்பிட்டிருக்கணும், அதையும் செய்யல. மீன் காரியம் கெட்டுப்போச்சி, அதை என்னால திருப்ப முடியாது. இதுவும் அப்படி ஆயிருமோன்னு பயந்துபோய் வந்திருக்கேன், தாயி."

இந்துவுக்குக் கண் நிறைந்தது. துடைத்துக்கொண்டாள். பிறகு வினோத் பக்கம் திரும்பினாள்.

"மாமா எதுக்கு வந்தாகன்னு சொல்லிட்டாக. நீங்க எதுக்கு வந்தீக?"

வினோத் தரையைப் பார்த்தான். பெரியவர்கள் மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்.

"அன்னைக்கே போகாதன்னு சொல்லியிருக்கணும்."

"ஏன் சொல்லல?"

"நீ எதுக்குப் பையைத் தூக்குன?"

"ஓ, நான் பையைத் தூக்குனதுதான் ஒங்களுக்குத் தப்பாப் போச்சோ?"

அவ்வளவுதான். ஆடியில் அடைத்த அணை ஐப்பசியில் உடைந்தது. போன் செய்யாதது, மெசேஜைப் பார்த்துவிட்டுப் பதில் போடாதது, தீபாவளிக்கு வரமாட்டேன் என்றது, வேலைக்குச் சேர்ந்ததைச் சொல்லாதது என்று இரண்டு பேரும் மாறி மாறிப் பிடித்துக்கொண்டார்கள். கத்திக்கொண்டே அவள் உள்ளே போனாள், அவனும் கத்திக்கொண்டே பின்னால் போனான். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சமுத்திரத்துக்கு முகம் வெளிறிவிட்டது. கூட்டிப்போக வந்த இடத்தில் இப்படி ஆகிறதே, போய் விலக்கிவிடுகிறேன் என்று வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு எழுந்தார். சங்கிலிப்பாண்டி அவர் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். சங்கிலிப்பாண்டிக்குக் கால் இரண்டும் வாசலுக்குப் போகச் சொல்லித் துடித்தன. காளீஸ்வரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செத்த நேரம் இருங்க சம்பந்தி" என்றார். "முழுசையும் கேப்போம்."

உள்ளே சத்தம் இன்னும் கூடியது. சங்கிலிப்பாண்டி நாற்காலியை விட்டு அசையவில்லை.